மைதானத்துக்கு வெளியே ஷோஹெய் ஓட்டானி: குப்பையைக் குனிந்து எடுக்கும் பேஸ்பால் கோடீஸ்வரர்

தென் கொரியத் தலைநகர் சியோலில் 2024 மார்ச் 20-ஆம் தேதி இரவு, அமெரிக்க பேஸ்பால் பருவத்தின் முதல் ஆட்டத்தில் வெற்றி பெற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஓய்வறையில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அதில் அனைவரும் கூர்ந்து கேட்ட பேச்சு ஒரு வீரருடையது அன்று. நட்சத்திர வீரர் ஷோஹெய் ஓட்டானியின் மொழிபெயர்ப்பாளரான இப்பெய் மிசுஹாரா, தாம் சூதாட்டத்துக்கு அடிமையாகிவிட்டதாக ஆங்கிலத்தில் தெரிவித்தார். அறையில் இருந்த பெரும்பாலானோருக்குப் புரிந்த அச்செய்தி, யாருடைய பணம் பறிபோயிருந்ததோ அவருக்கு முழுமையாகப் புரியவில்லை. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவரே அப்போது பேசிக்கொண்டிருந்தார்.

ஏதோ தவறு நிகழ்ந்திருக்கிறது என்பதை மட்டும் அக்கூட்டத்தில் உணர்ந்ததாகவும், விடுதிக்குத் திரும்பித் தனியே பேசியபோதுதான் உண்மை தெரியவந்ததாகவும் ஓட்டானி ஐந்து நாள்களுக்குப் பின் செய்தியாளர்களிடம் விளக்கினார். அவருடைய கணக்கிலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் பறிபோயிருந்தது பின்னர் விசாரணையில் உறுதியானது.

உலகின் மிக அதிக ஊதிய ஒப்பந்தங்களுள் ஒன்றுக்குச் சொந்தக்காரரான ஒருவர், இத்தனை பெரிய தொகை மறைந்ததை இரண்டாண்டுகளுக்கும் மேலாக எப்படி அறியாமல் இருந்தார் என்ற கேள்வி அன்று அமெரிக்காவெங்கும் எழுந்தது. அதற்கான விடையைத் தேட, மைதானத்துக்கு வெளியே அவர் வாழும் முறையைப் பார்க்க வேண்டியுள்ளது.

இரு வேலை செய்யும் வீரர்

பேஸ்பால் நம் நாட்டில் அதிகம் அறியப்படாத ஆட்டம் என்பதால் ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. கிரிக்கெட்டில் பந்துவீச்சிலும் மட்டைவீச்சிலும் சிறந்த ஆல்ரவுண்டர்கள் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். தொழில்முறை பேஸ்பாலில் அந்த வழக்கம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மறைந்துவிட்டது. பந்து வீசுபவர் வீசுவதோடும், அடிப்பவர் அடிப்பதோடும் நின்றுவிடுவர். 1910-களின் இறுதியில் பேப் ரூத் இரண்டையும் ஒருசேரச் செய்தார். அவருக்குப் பின் அதை உயர்ந்த தரத்தில் தொடர்ந்து செய்துகாட்டியவர் ஓட்டானி.

2024-ஆம் ஆண்டில் 54 ஹோம் ரன்களும் 59 தளத் திருட்டுகளும் எடுத்து, ஒரே பருவத்தில் இரண்டிலும் ஐம்பதைக் கடந்த முதல் வீரரானார். 2021, 2023, 2024, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் மிகச் சிறந்த வீரர் விருதை வாக்காளர்களின் ஒருமித்த முடிவோடு பெற்றுள்ளார். எண்ணிக்கைகளைப் பட்டியலிட்டால் இக்கட்டுரை முடியாது. அவற்றை இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

64 கட்டங்கள்

ஓட்டானி 1994 ஜூலை 5-ஆம் தேதி வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில், இன்று ஓஷு நகரின் பகுதியாக உள்ள மிசுசாவாவில் பிறந்தார். தந்தை தோரு, நிறுவன அணி ஒன்றுக்காக பேஸ்பால் ஆடியவர், ஆலைத் தொழிலாளி. தாய் கயோகோ பேட்மிண்டன் வீராங்கனை. சிறுவர் அணியில் மகனுக்குத் தந்தையே பயிற்றுநராகவும் இருந்தார். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் தந்தை குறிப்பெழுத, மகன் அதற்குப் பதில் எழுத, ஒரு நோட்டுப் புத்தகம் இருவருக்குமிடையே கைமாறிக்கொண்டே இருந்தது. உரக்கக் குரல் கொடுத்து உற்சாகமாக ஆடு, பந்தைப் பிடித்து எறியும் பயிற்சியைக் கருத்தோடு செய், முழு வேகத்தில் ஓடு என்பவையே அதில் திரும்பத் திரும்ப இடம்பெற்ற அறிவுரைகள்.

அவர் சேர்ந்த ஹனமாகி ஹிகாஷி உயர்நிலைப் பள்ளியின் பயிற்றுநர் ஹிரோஷி சசாகி, மாணவர்கள் தங்கள் இலக்கை ஒரு கட்டப் படமாக வரைய வேண்டும் என்று கேட்பவர். நடுவில் முதன்மை இலக்கு. அதைச் சுற்றி அதற்குத் தேவையான எட்டுத் துணை இலக்குகள். ஒவ்வொரு துணை இலக்கைச் சுற்றியும் எட்டுச் செயல்கள். ஆக மொத்தம் 64 செயல்கள். முதலாண்டு மாணவராக இருந்தபோது ஓட்டானி நடுக்கட்டத்தில் எழுதியது, வீரர் தேர்வில் எட்டு தொழில்முறை அணிகள் தம்மை முதல் தெரிவாகக் கேட்க வேண்டும் என்பதாகும்.

உடல் வலிமை, பந்தின் கட்டுப்பாடு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் ஆகியவை துணை இலக்குகளாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த எட்டில் 'மனிதப் பண்பு' ஒன்று, 'அதிர்ஷ்டம்' மற்றொன்று. அதிர்ஷ்டத்தை அடைய அவர் எழுதிவைத்த எட்டுச் செயல்கள்தாம் பிற்காலத்தில் ஜப்பானியப் பெற்றோர்களால் பெரிதும் பேசப்பட்டன. வணக்கம் சொல்வது, குப்பையை எடுப்பது, அறையைத் தூய்மையாக வைத்திருப்பது, ஆட்டக் கருவிகளைப் பேணுவது, நடுவர்களிடம் நல்ல முறையில் நடந்துகொள்வது, புத்தகம் படிப்பது, நல்லதையே எண்ணுவது, பிறர் ஆதரிக்க விரும்பும் மனிதராக இருப்பது என்பவை அவை. பிறர் தூக்கியெறிந்த அதிர்ஷ்டத்தையே குப்பையாகத் தாம் எடுப்பதாகக் கருதுவது அப்பள்ளியில் அவர் கற்ற பாடம். விடுதியில் கழிவறையைத் துப்புரவு செய்யும் பொறுப்பையும் பயிற்றுநர் அவருக்கு வழங்கியிருந்தார்.

அமெரிக்க மைதானங்களில் ஆட்டத்தின் நடுவே தரையில் கிடக்கும் காகிதத் துண்டை அவர் குனிந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் காணொலிகள் சமூக ஊடகங்களில் உலவுகின்றன. அது கேமராவுக்காகச் செய்யப்படுவது என்று கருதுவோரும் உண்டு. அந்தக் கட்டப் படத்தை அறிந்தவர்களுக்கு அது பதினைந்து வயதில் தொடங்கிய பழக்கம் என்பது விளங்கும்.

160 கிலோமீட்டர் வேகத்தை அவர் 2012-இல் பள்ளி மாணவராகவே எட்டினார். நடுக்கட்டத்து இலக்கு மட்டும் நிறைவேறவில்லை. நேராக அமெரிக்காவுக்கே செல்லப் போவதாக அவர் அறிவித்துவிட்டதால் மற்ற அணிகள் ஒதுங்கிக்கொண்டன. ஹொக்கைடோ நிப்பான் ஹாம் ஃபைட்டர்ஸ் என்ற ஒரே ஓர் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, பந்துவீச்சு, மட்டைவீச்சு இரண்டையும் செய்ய அனுமதிப்பதாக உறுதியளித்துத் தன்பக்கம் ஈர்த்தது.

தாயார் அனுப்பிய மாதச் செலவுப் பணம்

ஃபைட்டர்ஸ் அணியில் ஓட்டானி 2013 முதல் 2017 வரை ஆடினார். அவருடைய ஊதியம் கோடிக்கணக்கான யென்னாக உயர்ந்துகொண்டே சென்றது. ஆனால் அதைப் பெற்றோரே நிர்வகித்தனர். மாதந்தோறும் சுமார் 1 லட்சம் யென், அதாவது ஏறத்தாழ ஆயிரம் டாலர், தாயார் அவருடைய கணக்கில் செலுத்துவார். அதிலும் பெரும்பகுதி செலவாகாமல் மிஞ்சும். அவர் தங்கியிருந்தது அணியின் விடுதியில். வெளியே செல்ல வேண்டுமானால் மேலாளர் ஹிதேகி குரியாமாவின் அனுமதி வேண்டும். இளம் நட்சத்திரத்தை இரவு விருந்துகளிலிருந்து காப்பதற்காக வைக்கப்பட்ட அந்தக் கட்டுப்பாட்டை ஓட்டானி ஒரு சுமையாகக் கருதியதாகத் தெரியவில்லை. உறங்குவதும் பயிற்சி செய்வதுமே தம் வாழ்க்கை என்ற பொருளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். அமெரிக்கா சென்று சில ஆண்டுகள் கழிந்த பின்னும், நியூயார்க் நகரில் பிடித்த இடம் எது என்று கேட்கப்பட்டபோது, விடுதியை விட்டு வெளியே சென்றதில்லை என்றே விடையளித்தார்.

2017 டிசம்பரில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்த விதமும் இதே போக்கில் அமைந்ததே. 25 வயதுக்குக் குறைந்த வெளிநாட்டு வீரர்களுக்கு அமெரிக்க லீக்கின் விதி கடும் ஊதிய வரம்பு விதித்திருந்தது. மேலும் இரண்டாண்டுகள் பொறுத்திருந்தால் 20 கோடி டாலருக்கு மேல் கிடைத்திருக்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அவர் காத்திருக்கவில்லை. 23.15 லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகையையும் புதுமுக வீரருக்கான குறைந்தபட்ச ஊதியத்தையும் பெற்றுக்கொண்டு புறப்பட்டார். அவருடன் சென்றவர் மிசுஹாரா.

'நான்' என்று பேசும் மற்றொருவர்

ஜப்பானில் பிறந்து சிறுவயதிலேயே கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர் மிசுஹாரா. ஃபைட்டர்ஸ் அணியின் வெளிநாட்டு வீரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது ஓட்டானிக்கு அறிமுகமானார். அமெரிக்காவில் அவருடைய பணி மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. கார் ஓட்டினார், கடைக்குச் சென்று பொருள் வாங்கினார், பந்து பிடிக்கும் பயிற்சித் துணைவராக இருந்தார். 2021 ஹோம் ரன் போட்டியில் ஓட்டானி அடிக்க, பின்னே அமர்ந்து பந்து பிடித்தவரும் அவரே.

வாய்மொழி மொழிபெயர்ப்பில் ஒரு மரபு உண்டு. பேசுபவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றே சொல்வார். 'அவர் இவ்வாறு கூறுகிறார்' என்று சொல்வதில்லை. ஆறாண்டுகளாக அமெரிக்க நாளேடுகளில் ஓட்டானியின் கூற்றாக மேற்கோள் குறிக்குள் வெளிவந்த ஆங்கில வாக்கியங்கள் ஏறத்தாழ அனைத்தும் மிசுஹாராவின் சொற்கள். அமெரிக்க ரசிகர்கள் அறிந்திருந்த பணிவான, சற்றே குறும்பான ஓட்டானி ஒரு மொழிபெயர்ப்பின் வழியாக அவர்களை வந்தடைந்தவர். இத்தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அன்று என்றாலும், விளையாட்டுச் செய்தி படிப்போர் இதை எண்ணிப் பார்ப்பது அரிது.

அந்த 'நான்' வங்கியின் தொலைபேசி வரை சென்றது என்பதே அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சுமத்திய குற்றச்சாட்டின் சாரம். 2018-இல் அரிசோனாவில் ஊதியக் கணக்கு தொடங்க ஓட்டானிக்கு உதவியவர் மிசுஹாரா. பிற்பாடு அக்கணக்கின் தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் தம்முடையதாக மாற்றிக்கொண்டார். வங்கி ஊழியர்கள் அழைத்தபோது, தாமே ஓட்டானி என்று ஏறத்தாழ 24 முறை கூறிப் பணப் பரிமாற்றங்களுக்கு ஒப்புதல் பெற்றார். ஓட்டானியின் முகவரும் கணக்காளர்களும் அக்கணக்கைப் பார்க்க விரும்பியபோது, அது தனிப்பட்ட கணக்காகவே இருக்க வேண்டும் என்று ஓட்டானி விரும்புவதாகச் சொன்னார். அவர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஓட்டானியிடம் கேட்க வேண்டுமானால் மிசுஹாராவின் வழியாகத்தான் கேட்க முடியும்.

2021 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை மிசுஹாரா சட்டவிரோதத் தரகர் ஒருவரிடம் சுமார் 19,000 பந்தயங்கள் கட்டினார். வென்றவற்றைக் கழித்த பின்னும் நட்டம் 4 கோடி டாலரைத் தாண்டியது. வென்ற பணம் அவருடைய சொந்தக் கணக்குக்கும், தோற்ற பணத்துக்கான தொகை ஓட்டானியின் கணக்கிலிருந்தும் சென்றன. இவை தவிர, சுமார் 3.25 லட்சம் டாலருக்கு பேஸ்பால் அட்டைகளை வாங்கிக் குவித்ததும், பல் சிகிச்சைக்காக ஓட்டானி மனமுவந்து கொடுத்த 60,000 டாலர் காசோலையைத் தம் கணக்கில் போட்டுக்கொண்டு சிகிச்சைக்கும் ஓட்டானியின் பணத்தையே செலவிட்டதும் விசாரணையில் வெளிவந்தன. பேஸ்பால் ஆட்டங்கள்மீது அவர் பந்தயம் கட்டியதாகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

தொடக்கத்தில் மிசுஹாரா அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றிடம் பேசும்போது, தம் கடனை ஓட்டானியே அறிந்து அடைத்ததாகக் கூறிப் பின்னர் அதை மாற்றிக்கொண்டார். இந்த முரண்பாட்டால் சில வாரங்கள் ஓட்டானியின்மீதும் ஐயம் படர்ந்தது. கலிபோர்னியாவில் விளையாட்டுப் பந்தயம் சட்டவிரோதமானது. அறிந்து பணம் கொடுத்திருந்தால் அவருடைய விளையாட்டு வாழ்க்கையே ஆபத்துக்குள்ளாகியிருக்கும். மார்ச் 25 அன்று செய்தியாளர்கள்முன் அமர்ந்த அவர், தாம் எந்த விளையாட்டின் மீதும் பந்தயம் கட்டியதில்லை என்றும், நம்பிய ஒருவர் பணத்தைத் திருடிப் பொய் சொல்லிவிட்டார் என்றும் கூறினார். விசாரணை அதிகாரிகளிடம் தம் கைப்பேசியை ஒப்படைத்தார். இருவருக்குமிடையிலான சுமார் 9,700 பக்கச் குறுஞ்செய்திகளைப் படித்த அதிகாரிகள், சூதாட்டத்தைப் பற்றி ஓட்டானி அறிந்திருந்ததற்கான தடயம் இல்லை என்று முடிவு செய்தனர்.

மிசுஹாரா 2024 ஜூனில் வங்கி மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 பிப்ரவரி 6-ஆம் தேதி அவருக்கு 57 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஓட்டானிக்கு ஏறத்தாழ 1.7 கோடி டாலரைத் திருப்பிச் செலுத்தவும் நீதிமன்றம் ஆணையிட்டது.

பணத்தைத் தாமே கையாள வேண்டிய தேவை ஓட்டானிக்கு வாழ்வில் எப்போதும் ஏற்படவில்லை. முதலில் தாயார் பார்த்துக்கொண்டார். பின்னர் அருகிலிருந்த நண்பர். பணத்தின்மீது பற்றற்றவர் என்று எதற்காகப் போற்றப்பட்டாரோ, அதே இயல்புதான் திருடனுக்கும் வாசலைத் திறந்து வைத்திருந்தது. இவ்வளவு செல்வமுடைய ஒருவர் தம் கணக்கை ஆண்டுக்கணக்கில் பாராமல் இருந்ததைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்றாலும், கவனக்குறைவு என்று சொல்வதில் தவறில்லை.

இவ்விவகாரத்துக்குப் பின் வில் ஐரட்டன் மொழிபெயர்ப்புப் பொறுப்பை ஏற்றார். ஓட்டானி சக வீரர்களிடம் முன்பைவிட நேரடியாகப் பழகத் தொடங்கியதாக அணி நிர்வாகிகள் குறிப்பிட்டனர். ஆங்கிலமே தெரியாதவர் என்று அவரைக் கருதுவதும் சரியன்று. 2024 ஜனவரியில் நியூயார்க்கில் நடைபெற்ற விருது விழாவில் அவர் ஆங்கிலத்திலேயே உரையாற்றினார்.

டெகோபினும் குடும்பமும்

தனிவாழ்வைப் பொதுவெளியில் இருந்து காப்பதில் ஓட்டானி மிகுந்த கண்டிப்புடையவர். 2023 நவம்பரில் மிகச் சிறந்த வீரர் விருது அறிவிப்பின்போது அவர் மடியருகே ஒரு நாய் அமர்ந்திருந்தது. அதன் பெயரைக் கேட்டு ஊடகங்கள் ஒரு மாதம் தவமிருந்தன. டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்த செய்தியாளர் சந்திப்பில்தான் 'டெகோபின்' என்ற பெயர் வெளியானது. அமெரிக்கர்கள் எளிதாக உச்சரிக்க 'டிகாய்'. நெதர்லாந்து நாட்டு கூய்க்கர்ஹோண்டியே இனத்தைச் சேர்ந்த அந்த நாய், 2024 ஆகஸ்ட் 28 அன்று டாட்ஜர் மைதானத்தில் பந்தை வாயில் கவ்விச் சென்று ஓட்டானியிடம் சேர்த்து, ஆட்டத்தின் சம்பிரதாய முதல் பந்தை 'வீசியது'.

திருமணச் செய்தியும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 29 அன்று இன்ஸ்டாகிராமில் சில வரிகள் எழுதினார். மணமகளின் பெயர் இல்லை. இரு குடும்பத்தாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற வேண்டுகோள் மட்டும் இருந்தது. சியோலுக்குப் புறப்படும் முன் வெளியான படத்தின் மூலமே, மனைவி முன்னாள் கூடைப்பந்து வீராங்கனை மமிகோ தனாகா என்பது உலகுக்குத் தெரிந்தது. 2025 ஏப்ரலில் மகள் பிறந்தபோதும் வெளியானது சிறு பாதங்களின் படம் மட்டுமே. குழந்தைப் பேற்றுக்காக அவர் இரு ஆட்டங்களுக்கு விடுப்பு எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் வாங்கிய வீட்டை ஜப்பானியத் தொலைக்காட்சிகள் படம்பிடித்து ஒளிபரப்பியது 2024-இல் பெரும் சர்ச்சையானது குறிப்பிடத்தக்கது. அவரைப் போற்றும் ஊடகங்களே அவருக்கு மிகப் பெரிய தொல்லையாகவும் இருக்கின்றன.

கொடுப்பதில் அவருக்கு அத்தகைய தயக்கம் இல்லை. தம் 17-ஆம் எண் சட்டையை விட்டுக்கொடுத்த சக வீரர் ஜோ கெல்லியின் மனைவிக்கு ஒரு போர்ஷே காரைப் பரிசாக அனுப்பினார். ஜப்பானில் உள்ள சுமார் 20,000 தொடக்கப் பள்ளிகளுக்குத் தலா மூன்று வீதம் ஏறத்தாழ 60,000 கையுறைகளை வழங்கினார். ஒவ்வொரு பள்ளிக்கும் சென்ற மூன்றில் ஒன்று இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கானது.

எதிரணியினரிடம் அவர் நடந்துகொள்ளும் முறைக்கு 2023 உலக பேஸ்பால் கிளாசிக் தொடரில் ஒரு சான்று கிடைத்தது. செக் குடியரசு அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்ப்பவர்கள். அவர்களுள் ஒருவரான மின்பணியாளர் ஒன்ட்ரேய் சடோரியா, மணிக்கு 130 கிலோமீட்டரைக்கூடத் தொடாத பந்துகளை வீசி ஓட்டானியை ஆட்டமிழக்கச் செய்தார். அரையிறுதிக்காக மயாமியில் வந்திறங்கிய ஓட்டானியின் தலையில் இருந்தது செக் அணியின் தொப்பி. அதே தொடரின் இறுதியாட்டத்துக்கு முன், அமெரிக்க வீரர்களை வியந்து பார்ப்பதை இன்று ஒரு நாள் மட்டும் நிறுத்திக்கொள்வோம் என்று சக வீரர்களைக் கேட்டுக்கொண்டார். ஏஞ்சல்ஸ் அணியில் தம்மோடு ஆடிவந்த மைக் டிரவுட்டை வீழ்த்தியே அவர் ஜப்பானுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். பணிவும் வெல்லும் வெறியும் அவரிடம் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

டாட்ஜர்ஸ் அணியுடன் அவர் செய்துகொண்ட பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 70 கோடி டாலர். அணி மற்ற வீரர்களை வாங்க வசதியாக, அதில் 68 கோடியைப் பின்னர் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டார். எனவே விளம்பர வருவாய் நீங்கலாக, 2033 வரை ஆண்டுக்கு அவர் பெறும் ஊதியம் 20 லட்சம் டாலர் மட்டுமே. எஞ்சிய தொகை 2034 முதல் 2043 வரை வழங்கப்படும். கடைசித் தவணை வரும் ஆண்டில் அவருக்கு வயது 49 ஆகியிருக்கும்.